சாலமோன் கடைக் கஜக்கோல்

ஜப்பான்காரனோடு நடந்த சண்டைக்கு வெள்ளைக்காரன் ஆள் எடுத்த வருடம், பாளையம்பட்டி ஜவுளிக்கடை சாலமோனின் மகன் ஜான்ராஜுக்கு மீசையும் பட்டாள ஆசையும் சேர்ந்தே அரும்பின. ஐந்தடி இரண்டங்குலம் இருந்தால்தான் சேர்ப்பார்கள்.

ஞாயிறுதோறும் கோயில் விட்டு வந்ததும், கடைக் கஜக்கோலால் அப்பாவே அளந்தார்.

"ஏலே, இன்னும் ரெண்டு வெரக்கடை கொறையுது. குட்டைன்னு திருப்பி அனுப்புனா ஊரே சிரிக்கும்."

"சட்டையெல்லாம் கையேறிப் போச்சே அய்யா!"

"மில்லுத்துணி சுருங்கத்தான் செய்யும்."

கடையில் கூட்டம் நெரிந்தது. ரெட்டியபட்டி ராஜாத்தி ஊரெல்லாம் சொன்னாள்: "மத்த கடையில ரவிக்கைக்கே காணாத துணி, அண்ணாச்சி கடையில மிஞ்சுது. நியாயமான மனுசரு."

யுத்தம் முடிந்த செய்தி வந்தது. சாலமோன், மகனுக்காக நீட்டிச் செய்த கஜக்கோலை முறித்து அடுப்பில் வைத்துவிட்டு, பரணிலிருந்து பழைய கோலை இறக்கினார்.