தண்ணியான சூப்

"என்னம்மா இது? டின்ல ஊத்தும்போது கூழ் மாதிரி இருந்துச்சு, வேகவச்சு எடுத்தா தண்ணியா ஓடுது!"

சூப் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் எகிறினார்.

"நாம போடுற மாவோட குணமே அதான் சார். முதல்ல கெட்டியா இருந்தாத்தான் காய் அடியில தங்காம எல்லா டின்லயும் சமமா விழும். அப்புறம் இளகினாத்தான் சூடு நடுவரைக்கும் சீக்கிரம் போகும். குடிச்சுத்தான் பாருங்களேன்."

வேண்டாவெறுப்பாகக் குடித்தவரின் முகம் மலர்ந்தது.

"அட, கெட்டிக்காரிதான்! யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?"

அவள் தயங்கினாள்.

"உங்க மகன் ஒரு பொண்ணைக் கட்டிக்கிறேன்னு சொன்னப்போ, அவ முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன்னீங்களாமே... அது நான்தான்."

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு மெல்ல இன்னொரு வாய் குடித்தார்.

"சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வாம்மா. அவன்கிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லிடாதே. பய திருதிருன்னு முழிக்கிறதை நான் பார்க்கணும்!"