விட்டு விட்டு வரும் கரன்ட்

மூன்றாவது முறையாக பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த வாத்தியார் மெக்கானிக்கிடம் எகிறினார்.

"பேட்டரி மாத்தியாச்சு, ரிலே மாத்தியாச்சு. மக பட்டனைத் தொட்டா கிளம்புது; நான் அழுத்தினா முனகக்கூட மாட்டேங்குது!"

"வயர்ல எங்கயோ கரன்ட் விட்டு விட்டு வருது சார்."

"உன் கடையில மட்டும் ஒழுங்கா வருதே, உன் மூஞ்சிக்குப் பயமா?"

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, முணுமுணுத்தபடி பேருந்தில் ஏறினார்.

மெக்கானிக் உடனே வாத்தியாரின் மனைவிக்குப் போன் செய்தார்.

"சீட்டுக்கடியில நான் ஒளிச்சு வச்ச சுவிட்சைப் போடாம வண்டி கிளம்பாதுன்னு சாருக்கு இன்னும் தெரியல அக்கா. ஆனா, திட்டுதான் தாங்கல."

"பொறுத்துக்கோ தம்பி. போன மாசம் வலிப்பு வந்து ரோட்டுல விழுந்த மனுஷன். பைக்கைத் தொடாதீங்கன்னு சொன்ன டாக்டருக்கும் இதே திட்டுதான். திட்டறதுக்கு ஆள் உயிரோட இருக்காரே, அது போதும்!"