ஏழாவது வாய்

மார்ச் 11, செவ்வாய். ஒரு சிறு தவறு. எஞ்சினில் துணி வைத்து அடைக்க வேண்டிய வாய்கள் ஏழு என்று போன வாரம் எழுதியிருந்தேன். அடைக்கக் கொண்டுபோன துணி ஆறு. இன்று எல்லாவற்றையும் திரும்பப் பூட்டும்போது எடுத்த துணியும் ஆறு. ஆகவே ஏழு என்பது என் பிழை. அடித்து, ஆறு என்று திருத்தியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை, மணல் மூட்டை ஏற்றிய அந்தப் பழைய லாரி பட்டறைச் சாய்தளத்தில் பாதி ஏறி, கரும்புகை கக்கி நின்றது. நோட்டம்மாவுக்கு உடனே தன் மேல்தான் சந்தேகம் வந்தது.

அவள் சுபாவம் அது. பக்கத்துத் தெருவில் கரண்ட் போனாலும், தான் எதையோ அணைத்துவிட்டோமோ என்று யோசிப்பாள்.

மாலை வகுப்புக்கு மற்றவர்கள் ஸ்பானரோடு வருவார்கள், அவள் நோட்டோடு வருவாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இரண்டு மாதமாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, அவள் கையால் பூட்டிய டர்போ டீசல் எஞ்சின். நாளைக் காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. இல்லையென்றால் சோப்புக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

டிரைவர் அண்ணன் லாரியிலிருந்து குதித்தார். அவரும் இதே வகுப்பு மாணவர்தான்.

"சும்மா நிக்கும்போது பூனை மாதிரி இருக்கு. லோடு வந்ததும் மூச்சு முட்டுது. பம்ப்தான், நோட்டம்மா."

நேற்று அவரே இன்ஜெக்டர் என்று சொல்லியிருந்தார். முந்தாநாள் வால்வு. பம்ப், இன்ஜெக்டர், வால்வு மூன்றையும் அவள் இரண்டு முறை சோதித்து, நோட்டில் மூன்று முறை எழுதிவிட்டாள். ஒன்றிலும் குறை இல்லை.

மாஸ்டர் மெதுவாக வந்தார். சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எப்போதும் கழுத்தில் கிடக்கும் நீலக்கட்டத் துண்டு ஒரு வாரமாகக் காணவில்லை. காணாமல் போன அன்று மொத்த வகுப்பையும் வரிசையில் நிறுத்திப் பைகளைச் சோதித்தவர், இன்றைக்கும் யாரையும் முழுதாக நம்பிவிடவில்லை.

எஞ்சின் பக்கம் அவர் போகவில்லை. பழுதுத் தாளைத்தான் கேட்டு வாங்கினார்.

'பழுது' என்ற இடத்தில், இழுவை இல்லை என்று எழுதினார்.

'காரணம்' என்ற இடத்தில், மாணவியின் கவனக்குறைவு என்று எழுதினார்.

'ஆதாரம்' என்ற கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்.

"அத நீயே கண்டுபிடிச்சு இணைச்சுக்கோ. போன வாரம் டர்போவ கழட்டின அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னேன், திறந்த வாய உடனே அடைக்கணும், கையில எது இருக்கோ அதால. நீ துணி எடுக்க ஸ்டோருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் தூசி என்ன வாசல்லயே காத்துக்கிட்டு நிக்குமா?"

முப்பது வருட சர்வீஸ் பேசி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனது. வகுப்பும் பின்னாலேயே போனது.

அவள் நோட்டைப் புரட்டினாள். தன் கவனக்குறைவைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் நோக்கம்.

அடித்த கோட்டுக்குக் கீழே ஏழு இன்னும் தெரிந்தது.

போன வாரப் பட்டியலை எடுத்துக்கொண்டு எஞ்சின் அருகே போனாள். ஒவ்வொரு பெயராகப் படித்து, ஒவ்வொரு வாயாக விரல் வைத்தாள். ஆயில் குழாய் இரண்டு, தண்ணீர்க் குழாய் இரண்டு, ஃபில்டர் பக்கம், சைலன்சர் பக்கம். கடைசியாக, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் தடித்த குழாய்.

ஏழு. நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினாள். அப்போதும் ஏழு.

கிளாம்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றினாள். வளைவுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். விரல் நுனியில் துணி பட்டது.

இழுக்க இழுக்க வந்தது. எண்ணெயில் ஊறி, கறுத்து, எஞ்சினின் மூச்சையெல்லாம் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்த துணி. ஒரு மூலையை விரலால் வழித்துப் பார்த்தாள்.

பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குழாயைப் பூட்டினாள்.

டீ முடிந்து வந்த டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார். லாரி அதே மூட்டைகளோடு, டர்போ விசிலடிக்க, சாய்தளத்தில் ஏறி உச்சியில் நின்றது. பின்னால் பொட்டுப் புகை இல்லை.

"பாத்தியா, கொஞ்சம் சூடாகணும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் மாஸ்டர்.

"அப்ப காரணம்னு எழுதினத அடிச்சிடலாமா, மாஸ்டர்?"

"எழுதினது எழுதினதுதான். நாளைக்கு ஆய்வாளர் ஐயா கேப்பாரு, நீயே சொல்லிக்கோ."

சட்டைக் கையால் மறுபடி நெற்றியைத் துடைத்தபடி அவர் போனார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 13, வியாழன். வாய்கள் ஏழுதான். ஆறு என்று திருத்தியதுதான் தவறு.

நாளைய வேலை: விடிந்ததும் கம்பெனி சோப்பு போட்டுத் துணியைத் துவைக்க வேண்டும், நீலக் கட்டம் தெரியும்வரை. காய்ந்ததும் பழுதுத் தாளில், 'ஆதாரம்' கட்டத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்த வேண்டும்.