வெளிவளைவு

“யாரும்மா இந்த டிசைனைப் போட்டது?”

பொத்தேரி கல்லூரியில் ப்ராஜெக்ட் வைவா. வெளித்தேர்வாளராக வந்திருந்த வைத்தீஸ்வரன், திரையில் முதல் படத்தைப் பார்த்ததுமே கொதித்துப்போனார். சி.எஃப்.எல். பல்பின் கண்ணாடிச் சுருளைக் குறுக்கே வெட்டிக் காட்டிய படம் அது.

“சார், அது வந்து...” என்றாள் மாணவி ஜெயப்ரியா.

“குறுக்கே பேசாதே! குழாயை இவ்வளவு இறுக்கி வளைச்சா, வெளிப்பக்கம் இழுபட்டு மெலிஞ்சு போகாதா? சூடாகிச் சூடாகி ஒருநாள் வெடிக்கும். உள்ளே பாதரசம் வேற! இதை டிசைன் பண்ணின ஆள் தன் பொண்ணு தலைக்கு மேல மாட்டுவானா?”

ஜெயப்ரியாவின் கண் கலங்கிவிட்டது.

“என்னோட டிசைன் அடுத்த ஸ்லைடுல இருக்கு சார். கடையில விக்கிறதை முதல்ல காட்டிட்டு, அப்புறம்தான் நம்மளோடதைக் காட்டணும்னு டிபார்ட்மென்ட்ல சொல்லியிருக்காங்க.”

வைத்தீஸ்வரனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “ஓ... அப்போ இது எந்த பல்பு?”

“முடிச்சூர்ல எங்க வீட்ல வெடிச்சது சார். அம்மாவுக்குக் கன்னத்துல தையல் போட்டிருக்கு.”

பையிலிருந்து உடைந்த பல்பின் அடிப்பாகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் நீல எழுத்து: ‘மிருதுளா’.

தான் வடிவமைத்த முதல் பல்புக்கு, அப்போதுதான் பிறந்திருந்த மகளின் பெயரை பல்பு கம்பெனி முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு வைத்தவர் வைத்தீஸ்வரன்தான்.

வீட்டுக்குப் போன் போட்டார்.

“மிருதுளா, படிக்கிற ரூம் லைட்டை அணைச்சுட்டு உடனே வெளியே வாம்மா!”