சூஃபியாவுக்கு ஒரு சந்தேகம்

"மாமா, ஒரு சந்தேகம்."

ஆரம்பிச்சுட்டாளா! கூத்தையா பேனாவை மூடி வைத்தார்.

ஏர்வாடியில் மீன்பிடி வலை, கயிறு, படகு மோட்டார் சாமான் விற்கிற பாக்கர் பாய் கடையின் கணக்குப்பிள்ளை அவர். பக்கத்து மேசையில் இருப்பவள் பாயின் மருமகள் சூஃபியா. எம்.காம். படிப்பு. கடைக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து தினம் ஒரு சந்தேகம்.

"சரக்கு கிளம்பின பிறகு லாரி ரிப்பேர் ஆகி வேற லாரில மாத்தினா, லாரியோட போற ஜிஎஸ்டி இ-வே பில்லுல என்ன மாமா செய்யணும்?"

கூத்தையாவுக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"இதுகூடத் தெரியாமத்தான் பட்டம் வாங்குனியா தாயி? இப்ப வேலை கெடக்கு. நாளைக்குச் சொல்லித் தாரேன்."

"சரிங்க மாமா."

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளூரப் பயம்தான். சும்மாவா? போன தடவை வந்த ஆடிட்டர் அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "இந்த ஆளை வச்சு ஒப்பேத்த முடியாது பாய். அடுத்த தடவையும் இதே லட்சணம்னா, ராமநாதபுரத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளாப் பாத்துப் போட்டுருங்க."

ஐம்பத்தாறு வயசில் வேலை போனால் எங்கே போய் நிற்பது? கணக்கைத் தவிர வேறு ஒரு இழவும் தெரியாதே!

கூத்தையாவையும் குற்றம் சொல்ல முடியாது. ஜிஎஸ்டிக்காரன் காலையில் ஒரு ரூல் போடுகிறான், சாயங்காலம் அதை மாற்றுகிறான். கடல்காற்றாவது சொல்லிவிட்டுத் திரும்பும். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து வேணுமாம், சின்ன எழுத்து வேணுமாம், நடுவில் ஒரு நட்சத்திரமும் வேணுமாம். பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட அவர் இம்புட்டுப் பார்க்கவில்லை.

பாக்கர் பாய் தன்மையாகத்தான் சொல்லிப் பார்த்தார். "கூத்தையாண்ணே, ராமநாதபுரத்துல ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ் நடக்குதாம். பீஸு நான் கட்டுறேன், போயிட்டு வாங்களேன்."

"மீசை முளைக்காத பயலுககூட பெஞ்சுல உக்காரவா? எனக்கா பாடம்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனவர், அன்றைக்குப் பூராவும் கடை டீயைத் தொடவில்லை. அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

நல்லவேளை, யூடியூப் வாத்தியார் கிடைத்தார்.

கடை வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அந்த லிங்க் வந்து விழுந்திருந்தது. அமுக்கினால், 'கணக்கு வாத்தியார்' என்று ஒரு சேனல். ஆள் முகம் தெரியாது, கம்ப்யூட்டர் திரை மட்டும்தான். குரலும் மெஷின் குரல், ஜலதோஷம் பிடித்த ரேடியோ நியூஸ் மாதிரி. ஆனால் அது, "இப்ப இங்கன அமுக்குங்க... அங்கன இல்ல, இங்கன" என்று சொல்லும்போது கூத்தையாவுக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி உச்சி குளிர்ந்துவிடும்.

சூஃபியா லாரி சந்தேகம் கேட்ட அன்றைக்கு ராத்திரி, சாப்பிட உட்கார்ந்தவர் போனைச் சொம்பில் சாய்த்து வைத்தார். புது வீடியோ வந்திருந்தது: 'வழியில் லாரி மாறினால் என்ன செய்வது?'

"ஏய் முருகலட்சுமி, முனியசாமி கண்ணைத் தொறந்துட்டாருடி! அந்தப் புள்ள கேட்டது அப்படியே வந்திருக்கு!"

"முதல்ல சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்க. ரசம்னு நெனச்சு மோரை ஊத்திக்கிட்டிருக்கீக," என்றாள் அவர் மனைவி.

மறுநாள் காலையில் கூத்தையாவின் மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

"இங்கன பாரு தாயி. பில்லு அதேதான். லாரி நம்பரை மட்டும் மாத்தணும். தள்ளு, நானே செஞ்சு காட்டுறேன்."

"அடேங்கப்பா! எப்படி மாமா இம்புட்டும் தெரிஞ்சு வச்சிருக்கீக?"

"அனுபவம் தாயி, அனுபவம்!"

அதோடு விட்டாரா? முதலாளியிடமும் போய்ச் சொன்னார். "பாய், உங்க மருமக என்னைய விட்டாக் கரை சேராது."

"ஆமாண்ணே, நீங்கதான் பாத்துக்கணும்," என்று பாக்கர் பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

இப்படியே சந்தேகத்துக்கு மேல் சந்தேகமாக ஓடி, ஆடிட்டர் வருகிற நாளும் வந்தது.

அவர் கேட்டதையெல்லாம் கூத்தையா கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி எடுத்துக் காட்டினார். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, "புது ஆள் எதுக்கு பாய்? இவரே போதும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கூத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யார் பெத்த பிள்ளையோ அந்த வாத்தியார்! ஒரு வார்த்தை நன்றி சொல்லாவிட்டால் சோறு இறங்காது. அங்கேயே உட்கார்ந்து, வீடியோவுக்குக் கீழே ஒற்றை விரலால் தட்டினார்.

"வாத்தியாரய்யா, உங்க புண்ணியத்துல என் வேலை தப்பிச்சது. நல்லா இருப்பீக. எங்க கடையில ஒரு பொண்ணு இருக்கு. தங்கமான புள்ள, ஆனா மண்டையில ஒண்ணும் இல்ல. எப்பப் பாத்தாலும் சந்தேகம். அது தேறுறதுக்கும் ஏதாச்சும் வழி சொல்லுங்க."

அனுப்பினார்.

பக்கத்து மேசையில் சூஃபியாவின் போன் 'டிங்' என்றது. எடுத்துப் படித்தவள், சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் அடித்தாள்.

கூத்தையாவின் போனில் வாத்தியாரின் பதில் வந்து நின்றது.

"நீங்க தேறிட்டீகல்ல மாமா, இனிமே அந்தப் பொண்ணுக்குச் சந்தேகமே வராது!"