மீட்டர் பார்க்காத இடம்

மிட்டாய்க் கடையின் பின்னறையில் சர்க்கரை நோயுள்ள அக்கா இரண்டாம் முறையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். நேற்று பாகு ஒட்டிய விரலில் குத்தியதில் ரத்தச் சர்க்கரை மீட்டர் பொய்யாக நானூறு காட்டி, தம்பிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சம் எவர்சில்வர் மேசையில் நீளமாகக் கிடக்கிறது. ஃப்ரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரையில் செய்த புது மிட்டாயில் அவள் இரண்டைத் தின்று ஒரு மணி நேரம் ஆகிறது. விரலைத் துடைத்துக் குத்துகிறாள். சின்னச் சிவப்புத் துளி. கதவருகே சாய்த்திருக்கும் கரும்பலகையில் தம்பி எழுதிய வரி பளிச்சென்று இருக்கிறது: சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம். மீட்டர் கீச்சிடுகிறது. நூற்று நாற்பது. "பாத்தியாக்கா! சாதா மிட்டாய்க்கு இருநூறத் தாண்டுச்சே. இதுக்கு ஏறவே இல்ல." அவன் பலகையைத் தூக்குகிறான். "கீழ வை." "ஏன்? சாட்சியே நீதான்." "மீட்டர் ரத்தத்தைத்தான்டா பாக்குது. இந்தச் சர்க்கரை பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகுது. அளவு மீறினா அங்கேயே கொழுப்பா மாறுது. என் ஸ்கேனப் பாத்து, கல்லீரல்ல கொழுப்புன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" "வியாபாரத்துல மண்ணள்ளிப் போடறியே." "தாராளம்னு நம்பி ஒருத்தர் டப்பாவக் காலி பண்ணினா?" அவன் பலகையைக் கீழே வைக்கிறான். அவள் ஈரத்துணியால் வரியைத் துடைக்கிறாள். 'தாராளமாக' மட்டும் அழுத்தித் தேய்த்த பிறகே போகிறது. சாக்பீஸை எடுத்து நிதானமாக எழுதுகிறாள்: பழச்சர்க்கரை மிட்டாய். இதுவும் சர்க்கரைதான். "இதப் படிச்சா எவன் வாங்குவான்?" "இதப் படிச்சவன் ஒண்ணு மட்டும் வாங்குவான்." பலகையை அவளே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறாள்.