காலை ஐந்தரைக்கு இருபது கேலன்

“புது தண்ணி மீட்டர் பொய் சொல்லுது, வெஸ்லி! ராணுவம் தண்ணி விட்டப்போ...”

“ராணுவம் எங்க அளந்துச்சு? முகாம் வீடுங்களுக்குத் தண்ணி விடுற வேலைய கம்பெனிக்கு வித்தது நல்லதாப் போச்சு, அவன் மணிக்கு மணி அளக்குறான். நான் பட்டாளத்தோட குவைத்துல கிடந்த ஒன்பது மாசமும், தினம் காலைல அஞ்சரைக்கு இருபது கேலன். ஏழு மணிக்கு முந்தி எந்திரிக்கிற பொம்பளையா நீ? குளிச்சவன் யாரு?”

விடிய விடிய நீண்ட சண்டையில் கணவனுக்குப் பதில் சொல்ல டார்லா வாயெடுப்பதற்குள் சமையலறைக் கடிகாரத்தில் காலை ஐந்தரை ஆனது. மாடிக் குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது. வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. பத்து நிமிடத்தில் தண்ணீர் நின்றது.

“டார்லா, துண்டு!”

மாடியிலிருந்து வந்த குரலும் வெஸ்லியுடையதுதான். டார்லா வழக்கம்போல எழுந்து, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மேசையருகே உட்கார்ந்திருந்த வெஸ்லி மெதுவாகக் கேட்டான்.

“டார்லா, நான் இங்கதானே இருக்கேன்?”